சுவரிலிருந்து ஒரு முழம்

அண்ணா,

இன்று காலை குண்டு வீட்டின் கதவைத் திறந்தேன். உள்ளேயிருந்து புளி வாசம் வந்தது.

ஒரு புளியங்கொட்டைகூட இல்லாத வீடு அது. மூலை மூலையாகப் பெருக்கி, கழுவி, கடைசி நாரைக்கூடப் பொறுக்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் நீங்கள் பூட்டினீர்கள். அதன் பிறகு எத்தனையோ ஐப்பசி வந்து போய்விட்டது. ஆனாலும் மழை விடாமல் பிடித்தால் அந்தச் சுவர் வேர்க்கிறது, வேர்த்தால் மணக்கிறது. வாசலில் நின்ற எனக்கு எச்சில் ஊறியது. கூடவே உங்கள் நினைப்பும் வந்தது. புளி வாசத்தில் உங்கள் நினைப்பு வருகிறது என்று உங்களிடம் சொல்லியிருந்தால் இரண்டு நாள் என்னோடு பேசியிருக்க மாட்டீர்கள்.

நானாகப் போய்த் திறக்கவில்லை. பார்ப்பதற்கு ஆள் வந்திருந்தது. நீங்கள் வருவார் வருவார் என்று காத்திருந்தீர்களே, அதே ஆள்தான். என்ன, நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு வந்திருக்கிறது. தர்மபுரியிலிருந்து ஸ்கூட்டியில், மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஓர் இன்ஜினியர் பெண். பழுதான பழைய கட்டடங்களையெல்லாம் பார்த்து, எதை வைக்கலாம், எதை இடிக்கலாம் என்று எழுதச் சொல்லியிருக்கிறார்களாம்.

"இது என்ன கட்டடங்கம்மா?" என்று கேட்டது.

நான் சொல்ல ஆரம்பித்தேன். உலகச் சண்டை நடந்தபோது வெள்ளைக்காரன் மொரப்பூர் ரயிலடியில் சாமான்களை இறக்கி, மாட்டு வண்டியில் இங்கே கொண்டு வந்து, இந்த மேட்டை மட்டமாக்கி, ஏரோப்ளேன் இறங்கத் தளம் போட்டான். தளத்தைப் பார்க்க ஒரு கோபுரம், சிப்பாய்கள் படுக்க வரிசை வீடு, குண்டு வைக்க இந்த வீடு. சண்டை முடிந்ததும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போய்விட்டான். 'உலகச் சண்டை நம்ம ஊருக்கு வந்து போனதுக்கு இது ஒண்ணுதான் சாட்சி' என்று முடித்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது. சொன்னதெல்லாம் உங்கள் பேச்சு, அண்ணா. எந்த இடத்தில் கையை நீட்ட வேண்டும் என்பதுகூட உங்களைப் போலவே வந்துவிட்டது. அந்த நாளில் இதே கதையை நீங்கள் எடுத்தால் நாங்கள் கொட்டாவி விடுவோம்.

வரிசை வீட்டுச் செங்கல் ஊரில் பாதி வீட்டு அடுப்பில் இருக்கிறது. தளத்தில் ஒரு பாதி ரோட்டுக்கு அடியில் போய்விட்டது. மறுபாதியில் ராகி காய்கிறது, பெண்பிள்ளைகள் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். கோபுரம் நீங்கள் போன மறு வருஷத்து மழையில் உட்கார்ந்துவிட்டது. அதைப் பார்க்க உங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், பார்க்காமல் போனதுதான் நல்லது. மிச்சம் இந்தக் குண்டு வீடு ஒன்றுதான்.

நீங்கள் ஏர்ஃபோர்ஸிலிருந்து ரிட்டயர் ஆகி ஊருக்கு வந்த சமயம் நினைவிருக்கிறது. நாங்கள் குண்டு வீட்டுக்குள் புளி தட்டிக்கொண்டிருந்தோம். என் மாமனார் காலத்திலிருந்தே பஞ்சாயத்தில் கேட்டு எடுத்து அதில்தான் புளி வைத்திருந்தோம். சித்தேரி மலையிலிருந்தும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கமிருந்தும் புளி வரும். ஓடு உடைத்து, நார் உரித்து, கட்டையால் தட்டிக் கொட்டை எடுப்பது பெண்கள் வேலை. அந்தச் சுவர் ஆள் படுக்கிற கனம். பங்குனி வெயிலில்கூட உள்ளே புளி கசியாது. நீங்கள் வாசலில் வந்து நின்றீர்கள். சட்டை மடிப்புக் கலையவில்லை, மீசை சீவியிருந்தது. யாரோ ஆபீசர் என்று நினைத்து நான் எழுந்துவிட்டேன்.

"ஏர்ஃபோர்ஸ்ல ப்ளேன் ஓட்டுனீங்களாண்ணா?" என்று கேட்டதற்கு, "டயருக்குக் காத்து புடிச்சேம்மா" என்றீர்கள். அந்த ஒரு பதிலுக்காகத்தான் உங்களை உள்ளே விட்டோம்.

உள்ளே வந்தவர் எங்களைப் பார்க்கவில்லை, சுவரைத்தான் பார்த்தீர்கள். கறுப்புப் பெயின்ட்டில் இங்கிலீஷ் எழுத்து, நெருப்பு ஜாக்கிரதை என்று. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்திருக்கிறது. மூட்டை சாய்ந்து சாய்ந்து இடுப்பளவுக்குச் சுவர் உதிர்ந்ததில் அந்த வரி போய்விட்டது. "அதுல என்னம்மா எழுதியிருந்துச்சு?" என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டீர்கள். யாருக்கும் தெரியவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள் நான் ஒருத்திதான். நானும் அந்த வரியின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தவள்தானே தவிர, திரும்பிப் படித்தவள் இல்லை. புளி தட்டுகிறவளுக்குச் சுவரைப் படிக்க ஏது நேரம்?

மறுநாள் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தீர்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, வீட்டைச் சுற்றித் தரையில் வெள்ளைக் கோடு போட்டீர்கள். ரோட்டில் போடுவார்களே, அப்படி நேராக.

"புளி போட்டுத் தேச்சா பித்தளைச் சொம்பே பளபளன்னு ஆவுது. சுண்ணாம்புச் செவுரு எப்டிம்மா தாங்கும்? ஒரு மொழம் தள்ளி வெச்சுக்கங்க. வேற ஒண்ணும் கேக்கல நானு."

என் பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த மாதம்மா கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "ஏங்கண்ணா, குண்டையே தாங்குன வூடு, புளிக்குத் தாங்காதுங்களா?" என்றாள். அன்றைக்கு அந்த வீடே சிரித்தது. நீங்களும்தான் சிரித்தீர்கள்.

ஒரு பருவம் கோட்டுக்குள்ளேயே இருந்தோம், அதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். பிறகு மூட்டைக்குக் கால் முளைத்துவிட்டது. மலைப் புளி ஒரே நாளில் வண்டி வண்டியாக வந்து இறங்கினால் முழமாவது சாணாவது. வாரத்துக்கு ஒரு தரம் வருவீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவீர்கள். மூட்டை ஏறியிருக்கிற இடத்தைக் கால் கட்டைவிரலால் காட்டி, "கோடு" என்பீர்கள். அதோடு சரி, திட்ட மாட்டீர்கள். நாங்கள் நகர்த்துவோம். நீங்கள் மேடு ஏறி மறைந்ததும் மூட்டை தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

உங்களுக்கு ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டது. கலெக்டர் ஆபீசுக்கும் அங்கேயும் இங்கேயும் நடந்தீர்கள். உள்ளே நுழையக் கூடாது என்று போர்டு வந்தது. எங்களுக்குக் காலி செய்யச் சொல்லி ஓலை வந்தது. அது வருவதற்கு முன்னால் நீங்களே வந்து சொன்னீர்கள். அதற்காகத்தான் இன்றைக்கும் உங்களை அண்ணா என்கிறேன். சாமான் எடுக்கிற அன்றைக்கும் வந்து நின்றீர்கள்.

"எம்மேல கோவமாம்மா?"

"கோவப்பட நேரமில்லீங்கண்ணா. அந்த மொனையப் புடிங்க."

எங்களைக் கிளப்பிவிட்ட ஆளே எங்கள் மூட்டையைச் சுமந்த கதையை ஊரில் வெகு நாள் பேசினார்கள். நாங்கள் ரோட்டோரத்துத் தகரக் கொட்டகைக்குப் போனோம். தகரத்தின் கீழே சித்திரையில் புளியும் உருகும், நாங்களும் உருகுவோம். நீங்கள் அங்கேயும் டீ குடிக்க வருவீர்கள். "சூடா இருக்குதும்மா" என்பீர்கள். டீயைச் சொல்கிறீர்களா, கொட்டகையைச் சொல்கிறீர்களா என்று கேட்டால் டம்ளரை நீட்டி இன்னொரு டீ கேட்பீர்கள்.

அதற்கப்புறம், சாவி உங்கள் பொறுப்புக்கு வந்ததும், குண்டு வீட்டை நீங்கள் வைத்திருந்த அழகைச் சொல்ல வேண்டும். வாசல் வரைக்கும் பாதையின் இரண்டு பக்கமும் கல் நட்டு வெள்ளையடித்தீர்கள். இரும்புக் கதவுக்குக் கறுப்புப் பெயின்ட், பூட்டுக்கு வாராவாரம் எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவிலிலிருந்து நேராக அங்கேதான் போவீர்கள். அண்ணி சோற்றைப் போட்டுவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "யாரு எப்ப வந்து பாத்தாலும் ரெடியா இருக்கணும்மா" என்பீர்கள். பட்டாளத்து ஆள். இன்ஸ்பெக்‌ஷன் என்று ஒன்று உண்டு, அது ஒருநாள் வரும் என்று நம்பினீர்கள். அது வரைக்கும் யார் காலும் உள்ளே படக்கூடாது. ஸ்கூல் பிள்ளைகள் பார்க்க வந்தபோதுகூட வாசலோடு நிறுத்திக் கதை சொல்லி அனுப்பிவிட்டீர்கள்.

வௌவால் புகுந்து மேல் சுவரில் இருக்கிற எழுத்தைக் கெடுக்கிறது என்று காற்றுத் துளைகளைச் செங்கல் வைத்து அடைத்தீர்கள். நான் அன்றைக்குத் தற்செயலாக அந்த வழியாகப் போனேன்.

"அதை அடைக்காதீங்கண்ணா. வூடு மூச்சு வாங்கும்."

"வௌவா வந்தா இருக்கற ஒரு வரியும் போயிரும்மா."

நீங்கள் சொன்னதிலும் தப்பில்லை, நான் சொன்னதிலும் தப்பில்லை. அதுதான் இந்த விவகாரத்தில் என்னை அசத்திப் போடுகிறது, அண்ணா. கெட்டவன் யாராவது ஒருத்தன் இருந்திருந்தால் இத்தனை நாளில் அவனைத் திட்டி முடித்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன்.

கடைசி வருஷம், இதே போல மழைக் காலம், ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். போய்ப் பார்த்தால் பூட்டைத் திறந்த வீட்டுக்குள், நடுவில், குடை பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். மேலே தண்ணீர் சொட்டுகிறது. மரச்சட்டத்தில் ஒன்று கறுத்து வளைந்திருந்தது. கூரைத் தளத்தின் மேலே அரசங்கன்று வேர் விட்டு உள்ளே எட்டிப் பார்த்தது. சுவரெல்லாம் பச்சை பிடித்திருந்தது. அந்த ஒரு வரி எழுத்து மட்டும் அப்படியே இருந்தது.

"நீங்க இருந்தப்ப ஒழுகலையேம்மா" என்றீர்கள்.

"அப்ப புளி இருந்துச்சுங்கண்ணா."

வேறு என்ன சொல்ல? ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஒரு மூட்டைப் புளி கறுத்துப் போகும். அந்தப் பயத்தில் புரட்டாசி பிறந்ததும் எங்கள் வீட்டு ஆண்களை மேலே ஏற்றிவிடுவோம். சருகை வழித்து, முளைத்த செடியைப் பிடுங்கி, வெடிப்பில் சுண்ணாம்பைத் தேய்த்துவிட்டுத்தான் அவர்கள் இறங்குவார்கள். கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று அதில் ஒருத்தர்கூட நினைத்ததில்லை. புளியைத்தான் நினைத்தோம். நீங்கள் கட்டடத்தையே நினைத்தீர்கள், ஆனால் கீழே பெருக்கிய அளவுக்கு மேலே ஏறிப் பார்க்கவில்லை. குடையை மடக்காமலே வெளியே வந்து பூட்டினீர்கள். அன்றைக்கு நீங்கள் நடந்து போனதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிதான். சாவியை நீல நைலான் கயிற்றோடு என் கையில் வைத்தீர்கள். மகன்கள் இருக்க என்னிடம் ஏன் என்று கேட்டதற்கு, "அவனுங்க கதவையும் கல்லையும் வித்துப் போடுவானுங்க. நீ சண்டை போடுவ" என்றீர்கள். அதற்கு மேல், "புளி மட்டும் உள்ள வேணாம்மா" என்றும் சொன்னீர்கள். சரிங்கண்ணா என்றேன். சாகக் கிடக்கிற ஆளிடம் வேறு எதைச் சொல்வது?

இன்றைக்கு அந்த இன்ஜினியர் பெண் டார்ச் அடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. நல்ல பெண். எழுத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தது. போட்டோ எடுத்தது. வெளியே வந்து, "யாராச்சும் இதை யூஸ் பண்றாங்களாம்மா?" என்று கேட்டது.

"இல்லீங்க. பூட்டித்தான் கெடக்குது."

"அப்டின்னா இடிக்கத்தான் எழுதணும். மழையில விழுந்து யாருக்காவது ஒண்ணு ஆச்சுன்னா எங்களைத்தான் கேப்பாங்க. புழக்கத்துல இருந்துச்சுன்னா ரிப்பேருக்கு எழுதலாங்க. மேல ஒரு சட்டம்தான் போயிருக்குது, செவுரு நல்லா இருக்குது." பிறகு என் முகத்தைப் பார்த்து, "பொங்கல் முடிஞ்சு மறுபடி ஒருவாட்டி வருவேன். அப்ப பாத்து எழுதிக்கறேன்" என்றது.

அது போன பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வைக்கிறதுக்கு எனக்குப் புளியைத் தவிர வேறு என்ன இருக்கிறது? புளி வைத்தால் வீடு நிற்கும், உங்களுக்குச் சொன்ன சொல் போகும். சொல்லைக் காப்பாற்றினால் வீடு போகும். விழுந்தால் விழட்டும் என்று வாய் வரைக்கும் வந்தது, அண்ணா. எனக்கும் முட்டி போய்விட்டது. உங்கள் சண்டையைச் சுமக்க நான் யார்? கோபுரத்துக்கு மனு எழுதினேன், ஆபீஸ் ஆபீஸாக நடந்தேன், அது விழுந்த பிறகு அதன் கல்லைத் திருடுகிறவர்களோடு கத்தினேன். உண்மையாகச் சொல்கிறேன், அலுத்துவிட்டது.

சாயங்காலம் அண்ணியிடம் போய்ச் சொன்னேன். முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தது. நிமிராமலே கேட்டது. கடைசியில், "உசுரோட இருக்கறப்ப அவுரு யாரு பேச்சக் கேட்டாரு? இப்ப நாம மட்டும் என்னாத்துக்கு அவுரு பேச்சக் கேக்கணும்?" என்றது. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டது. நானும் அழுதுவிட்டேன்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

இத்தோடு நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது மாசி வந்துவிட்டது. நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் அண்ணி ஒரு வாளியோடு என் வாசலில் வந்து நின்றது. உங்கள் கல்லறைக்கு அடித்தது போக மீந்த சுண்ணாம்பு. "கீழ ஊத்த மனசு வரல. எதுக்காச்சும் ஆவுமா பாரு" என்றது. எதற்கு ஆகும் என்று அதற்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மழை விட்டதும் காற்றுத் துளைச் செங்கலை முதலில் தட்டி எடுத்தோம். வீடு விட்ட மூச்சில் பழைய பூஞ்சை நாற்றம் ஒரு நாள் முழுக்க வெளியே வந்தது. வௌவால் வராமல் துளைக்குக் கம்பி வலை கட்டினோம். உங்கள் பேச்சும் என் பேச்சும் ஒரே துளையில் முடிந்துவிட்டது. அன்றைக்கே இதை யோசித்திருக்கலாம். நம் இரண்டு பேருக்கும் சண்டை போடத்தான் நேரம் இருந்தது. ஆண்கள் மேலே ஏறி அரசங்கன்றை வேரோடு எடுத்தார்கள். வளைந்த சட்டத்துக்கு முட்டுக் கொடுத்தோம். அந்த மூலையில் இன்னும் தார்ப்பாய்தான் கிடக்கிறது.

தரையைப் பெருக்கப் பெருக்க உங்கள் கோடு வெளியே வந்தது. விட்டுவிட்டு, மங்கலாக. மாதம்மா குனிந்து பார்த்துவிட்டு அண்ணி கொடுத்த சுண்ணாம்பில் மட்டையை நனைத்தாள். உங்கள் அளவுக்கு நேராக அவளுக்கு வரவில்லை. எழுத்து இருக்கிற சுவர் ஓரம் மட்டும் கொஞ்சம் வளைந்து, ஒரு முழத்துக்கு மேலேயே தள்ளிப் போயிருக்கிறது. கை நடுங்கிவிட்டது என்றாள். நான் நம்பவில்லை.

தை பிறந்து முதல் புளி வந்ததும், பஞ்சாயத்தில் பழையபடி கேட்டு வாங்கி, உள்ளே இறக்கினோம். பலகை அடித்து, அதன் மேல்தான் மூட்டை. பொங்கல் கழித்து இன்ஜினியர் பெண் சொன்னபடியே வந்தது. நாங்கள் தட்டுகிற சத்தம் ரோட்டு வரைக்கும் கேட்டதாம். உள்ளே வந்து, "அந்தக் கோடு எதுக்குங்கம்மா?" என்று கேட்டது.

"அந்தாண்ட அவுரு எடங்க. இந்தாண்ட எங்க எடம்" என்றாள் மாதம்மா.

யார் என்று அது கேட்கவில்லை. புழக்கத்தில் இருக்கிறது, பழுது பார்க்கலாம் என்று எழுதிக்கொண்டு போயிருக்கிறது. ரிப்பேருக்கு ஆள் எப்போது வருமோ, வருமோ வராதோ, எனக்குத் தெரியாது. நீங்கள் காத்திருந்த மாதிரிக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. வருகிற புரட்டாசிக்கு நாங்கள் எப்படியும் மேலே ஏறுவோம்.

நேற்று மலைப் புளி ஏகத்துக்கு வந்துவிட்டது. இந்தப் பருவம் புதிதாகச் சேர்ந்த மருமகள் ஒருத்தி, இடம் பற்றாமல் ஒரு மூட்டையைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனாள். நான் தராசருகே இருந்தேன். யோசிக்கவே இல்லை.

"கோடு" என்றேன்.

அந்த ஒரு சொல்தான், உங்கள் தொண்டையில். கட்டைச் சத்தம் மொத்தமும் நின்றுவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய் மூட்டையை விட்டுவிட்டாள். மாதம்மா தலையைத் திருப்பாமல், "வந்துட்டாரு பாரு" என்று சொல்லித் தன் முறத்தைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திக்கொண்டாள். மறுபடி கட்டைச் சத்தம் ஆரம்பித்தது.

புளி உள்ளே வந்துவிட்டது, அண்ணா. உங்களுக்குக் கொடுத்த சொல்லை உடைத்துத்தான் உங்கள் வீட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆனால் அந்தச் சொல்லில் ஒரு முழம் மிச்சம் இருக்கிறது, சுவரைச் சுற்றி. நான் இருக்கிற வரைக்கும் அதில் ஒரு மூட்டையும் சாயாது.